மாதிரி ரயிலுக்குச் சரியான அளவுக் கனெக்டர்: மட்டக்களப்பில் இருந்தபடி அளந்து வாங்குவது எப்படி

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு கடைக்குப் போய் "ரெண்டு பின் ஜே.எஸ்.டி. இருக்கா அண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். நான்கு விதமான சாமான் மேசைக்கு வரக்கூடும். எல்லாவற்றிலும் சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர், நுனியில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் கூடு. கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து எஞ்சினில் மாட்டிப் பார்த்தால் ஒன்றும் ஏறாது.

இதில் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஜே.எஸ்.டி. என்பது ஒரு ஜப்பானியக் கம்பனியின் பெயர். அவர்கள் செய்யும் கனெக்டர் வகைகள் ஏராளம், அவற்றைப் பார்த்துச் செய்த நகல்கள் அதைவிட ஏராளம். அளவு சொல்லாமல் "ஜே.எஸ்.டி. தாங்க" என்று கேட்பது, செருப்புக் கடையில் நம்பர் சொல்லாமல் "பாட்டா தாங்க" என்று கேட்பது மாதிரி. மாதிரி ரயில் தொடங்கும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: பெயரைச் சொல்லி வாங்காதீர்கள், மில்லிமீற்றரைச் சொல்லி வாங்குங்கள்.

எங்கே மாட்டப் போகிறீர்கள்?

அளவெடுக்கும் முன்னர் கனெக்டர் எந்த இடத்துக்கு என்று முடிவு செய்ய வேண்டும். எஞ்சினுக்கு உள்ளே டிகோடர் (தண்டவாளம் வழியாக வரும் டிஜிட்டல் கட்டளையைப் படித்து மோட்டரையும் விளக்கையும் இயக்கும் சின்னப் போர்ட்) மாட்டும் சொக்கட் ஓர் இடம். நீராவி எஞ்சினுக்கும் அதன் பின்னால் வரும் நிலக்கரிப் பெட்டிக்கும் இடையில் ஓடும் வயர் இன்னோர் இடம். பயணிகள் பெட்டிகளின் உள்விளக்குக்கு ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போகும் வயர், சிக்னல் கம்பம், தண்டவாளம் பிரியும் இடத்து மோட்டர் ஆகியவை மற்றவை.

இடம் தெரிந்தால் எவ்வளவு கரண்ட் போகும் என்பதும் தெரிந்துவிடும். எல்.ஈ.டி. உள்விளக்கு சில பத்து மில்லி அம்பியருக்கு மேல் கேட்காது, எந்தச் சின்னக் கனெக்டரும் அதைத் தாங்கும். 1:87 அளவான எச்.ஓ. எஞ்சின் ஒன்றின் மோட்டர் சாதாரணமாக ஓடும்போது பெரும்பாலும் அரை அம்பியருக்குள் நிற்கும், சில்லு சிக்கினால் கூடும். எனவே 1 அம்பியர் தாங்கும் கனெக்டர் எஞ்சினுக்குள் போதும். தண்டவாளத்தைத் திருப்பும் சுருள் மோட்டர் மட்டும் வேறு சாதி. அது கண நேரத்துக்குச் சில அம்பியர் இழுக்கும். அதற்குச் சின்னக் கனெக்டர் வேண்டாம், பலகைக்கு அடியில் இடம் தாராளமாக இருக்கிறது, ஸ்குரூ வைத்து இறுக்கும் டேர்மினலே போடுங்கள்.

பிட்ச் அளப்பது

பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பின்களின் நடுவுக்கும் நடுவுக்கும் உள்ள தூரத்தைத்தான் பிட்ச் என்கிறார்கள். கனெக்டரின் அகலமோ வயரின் தடிப்போ பிட்ச் ஆகாது. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஏ.எல். பௌதிகவியலில் பிடித்த வேணியர் இடுக்கிமானி நினைவிருக்கும். இப்போது அதன் டிஜிட்டல் வடிவம் ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கிறது. இந்தப் பொழுதுபோக்குக்கு வாங்கும் முதல் கருவி அதுவாகவே இருக்கட்டும், சோல்டரிங் அயன் பிறகு வரலாம்.

பின்னின் நடுவைக் கண்ணால் குறி வைப்பது கடினம். அதனால் முதல் பின்னின் இடது ஓரத்திலிருந்து கடைசிப் பின்னின் இடது ஓரம்வரை அளந்துகொள்ளுங்கள். பின்கள் எல்லாம் ஒரே தடிப்பு என்பதால் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்த அதே விடைதான் வரும். வந்த அளவைப் பின்களின் எண்ணிக்கையால் அல்ல, அதில் ஒன்று குறைத்துப் பிரிக்க வேண்டும். ஆறு பின் இருந்தால் இடைவெளி ஐந்துதான். ஆறு பின்னுக்கு 10 மில்லிமீற்றர் வந்தால் பிட்ச் 2.0. அதே ஆறு பின்னுக்கு 6.35 வந்தால் 1.27. 6.25 வந்தால் 1.25.

கடைசி இரண்டையும் பாருங்கள். ஆறு பின்னில் வித்தியாசம் 0.1 மில்லிமீற்றர், டிஜிட்டல் மானி அதைப் பிடித்துவிடும். இரண்டு பின் கனெக்டரில் வித்தியாசம் வெறும் 0.02. அதை எந்தக் கையும் நம்பகமாக அளக்காது. 2.5க்கும் 2.54க்கும் இதே கதைதான்: பத்துப் பின்னில் 22.5, 22.86 என்று தெளிவாகப் பிரியும், இரண்டு பின்னில் பிரியாது. அப்படி வரும்போது அளவை விட்டுவிட்டு உருவத்தைப் பார்க்க வேண்டும். 1.27 பிட்ச் பெரும்பாலும் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டியில் நேராக நிற்கும் மெல்லிய பின்களாக வரும், சுற்றிச் சுவர் இருக்காது. 1.25 பிட்ச் வெள்ளைக் கூடாக, ஒரு பக்கமாக மட்டுமே ஏறும் விதத்தில் வரும்.

மானி இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. எலெக்ட்ரோனிக் பழகும் பிள்ளைகள் வாங்கும் டொட் போர்டின் துளைகள் 2.54 மில்லிமீற்றர் இடைவெளியில் இருக்கும். நிறையப் பின் உள்ள கனெக்டரின் கால்கள் அதில் வளையாமல் இறங்கினால் 2.54. இரண்டு மூன்று கால் மட்டும் என்றால் 2.5 பிட்ச்சும் அதில் இறங்கிவிடும், அதனால் இதைக் கடைசி முடிவாக எடுக்க வேண்டாம்.

எந்த அளவு, எந்தப் பெயர்

2.5 மில்லிமீற்றரில் ஜே.எஸ்.டி. எக்ஸ்.எச். என்ற வகை இருக்கிறது. லித்தியம் பற்றரிப் பொதிகளின் பலன்ஸ் பிளக் பெரும்பாலும் அதுதான். இரண்டு பின் கூடு அண்ணளவாக ஏழரை மில்லிமீற்றர் அகலம். பலகைக்கு அடியில், சிக்னலுக்கு, கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு நல்லது. எஞ்சினுக்குள் கொண்டுபோகாதீர்கள், இடம் போதாது.

அதே 2.5இல் எஸ்.எம். என்று ஒன்று, ஆர்.சி.வை. என்று இன்னொன்று. கலர் லைட் மாலைகளில் கொக்கியோடு வருவது எஸ்.எம். பறக்கும் பொம்மைகளின் பற்றரியில் வரும் சிவப்புச் சாமான் ஆர்.சி.வை. மூன்றுக்கும் பிட்ச் ஒன்று, ஆனால் ஒன்றுக்குள் ஒன்று ஏறாது. ஆகவே மில்லிமீற்றர் முதல் கேள்வி என்றால், வகை இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் விடை கிடைத்த பிறகுதான் காசு கொடுக்க வேண்டும்.

2.0 மில்லிமீற்றரில் பி.எச். புதியவர் ஒருவர் ஒரே ஒரு வகையோடு தொடங்க வேண்டும் என்றால் நான் இதைத்தான் கையில் கொடுப்பேன். 2 அம்பியர் தாங்கும், இரண்டு பின் கூடு 6 மில்லிமீற்றருக்குள் அடங்கும், நகத்தால் பிடிக்கலாம், கண்ணாடி போடாமலே பின் நேராக இருக்கிறதா என்று பார்க்கலாம். எச்.ஓ. டீசல் எஞ்சினின் மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் இடையில் விளக்கு வயரைக் கழற்றி மாட்ட இது போதும். 1.5இல் இஸட்.எச். இருக்கிறது, நம் வேலைக்கு அதை அதிகம் தேட வேண்டி வராது.

1.25இல்தான் பெரிய குழப்பம். இணையக் கடைகளில் "மைக்ரோ ஜே.எஸ்.டி. 1.25" என்று விற்பது பெரும்பாலும் மோலெக்ஸ் கம்பனியின் பிக்கோபிளேட் வகையின் நகல். ஜே.எஸ்.டி.யின் சொந்த 1.25 வகைக்கு ஜி.எச். என்று பெயர், அதற்குப் பூட்டும் கொக்கி உண்டு. இரண்டும் பொருந்தாது. சோடியாக, இரு பக்கமும் வயரோடு வருவதை வாங்கினால் இந்தத் தலையிடி இல்லை. எஞ்சினில் ஏற்கெனவே ஒரு பாதி இருந்து மறு பாதியை மட்டும் தேடுபவர்தான் கவனமாக இருக்க வேண்டும்.

1.0 மில்லிமீற்றரில் எஸ்.எச். இரண்டு பின் கூட்டின் அகலம் 3 மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். 1:160 அளவான 'என்' (N) வகை ரயில்களுக்கும், எஞ்சினுக்கும் நிலக்கரிப் பெட்டிக்கும் இடையிலான ஒடுக்கமான இடத்துக்கும் இது தோது. சாமணம் இல்லாமல் இதைத் தொட வேண்டாம். வயரைப் பிடித்து இழுத்துக் கழற்றினால் இரண்டாம் தடவையே கிரிம்ப், அதாவது வயரைப் பின்னோடு நசுக்கிப் பிடித்த இடம், விட்டுவிடும்.

டிகோடர் சொக்கட்டுக்குத் தனிக் கணக்கு

எஞ்சினுக்குள் டிகோடர் மாட்டும் சொக்கட்டுகளை ஜே.எஸ்.டி. வரிசையில் தேடாதீர்கள். ஐரோப்பிய மாதிரி ரயில் சங்கங்களின் கூட்டமைப்பான மொரோப் வெளியிடும் என்.ஈ.எம். தரங்களில் அவற்றுக்கு இலக்கம் இருக்கிறது. எட்டுப் பின் சொக்கட் என்.ஈ.எம். 652, பிட்ச் 2.54, நாலு நாலாக இரண்டு வரிசை. ஆறு பின் சொக்கட் என்.ஈ.எம். 651, பிட்ச் 1.27, ஒரே வரிசை. பிளக்ஸ் 22, 21 எம்.டி.சி. என்ற சொக்கட் வகைகள் இரண்டும் 1.27 பிட்ச்தான், ஆனால் ஒன்றுக்கு மற்றது போகாது. நெக்ஸ்ட் 18 என்ற சொக்கட்டுக்குப் பிட்ச் 0.5 மில்லிமீற்றர். அதைக் கையால் ஈயம் வைத்துச் செய்ய முயல வேண்டாம், சொக்கட்டோடு கூடிய போர்டாகவே வாங்குங்கள்.

2.54 என்பது ஓர் அங்குலத்தில் பத்தில் ஒன்று. பழைய ஐ.சி.களின் காலிடைவெளியும் அதுவே. அதனால் சொக்கட் இல்லாத பழைய எஞ்சினுக்கு எட்டுப் பின் சொக்கட் செய்ய, வட்டத் துளை உள்ள ஐ.சி. சொக்கட்டை வெட்டிப் பயன்படுத்தலாம். நல்ல பிடிப்பு இருக்கும், உயரமும் குறைவு. ஆனால் அந்த வட்டத் துளைக்குள் சாதாரண சதுரப் பின்னைத் திணிக்காதீர்கள். சதுரப் பின்னின் ஒரு பக்கம் 0.64 மில்லிமீற்றர். ஒருக்கா திணித்தால் உள்ளிருக்கும் பிடி அகன்றுவிடும், பிறகு சரியான பின்னும் அதில் தளர்ந்தே நிற்கும்.

டிகோடர் வயர்களின் நிறம் மனப்பாடமாக இருப்பது நல்லது. சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது தண்டவாளம், செம்மஞ்சளும் சாம்பலும் மோட்டருக்கு, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்கான பொது வயர். எட்டுப் பின் பிளக்கில் செம்மஞ்சள் வயர் வரும் பின்தான் ஒன்றாம் இலக்கம். இந்தப் பிளக்கைத் தலைகீழாக மாட்டினாலும் எஞ்சின் ஓடும், விளக்கு மட்டும் எரியாது. அப்படி ஆனால் பல்பை மாற்ற ஓடாமல் முதலில் பிளக்கைத் திருப்பிப் பாருங்கள்.

பொறுக்காத பிழை ஒன்று இருக்கிறது. தண்டவாளத்திலிருந்து வரும் மின்சாரம் மோட்டர் வயருக்கு நேராகப் போனால் டிகோடர் அந்த இடத்திலேயே போய்விடும். டிகோடரை மாட்டும் முன் மல்டிமீற்றரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, சில்லுக்கும் மோட்டரின் இரு முனைகளுக்கும் இடையே தொடர்பு இல்லை என்று உறுதி செய்யுங்கள். பீப் சத்தம் வந்தால் மாட்டாதீர்கள்.

வயர் தடிப்பு

கனெக்டர் சரியாக அமைந்தும் வயர் தடிப்பாக இருந்தால் காரியம் ஆகாது. வயரின் அளவை ஏ.டபிள்யூ.ஜி. என்ற இலக்கத்தால் சொல்வார்கள், இலக்கம் கூடக் கூட வயர் மெலியும். 24 என்றால் செம்பு அரை மில்லிமீற்றர் தடிப்பு, 28 என்றால் 0.32, 30 என்றால் 0.25. எஸ்.எச். கனெக்டருக்கு 28இலிருந்து 32 வரை. பி.எச். 24 வரை ஏற்கும். செம்பு மட்டுமல்ல, மேலுறையும் கணக்கு: பி.எச். கூட்டுக்குள் 1.5 மில்லிமீற்றருக்கு மேல் தடித்த வயர் நுழையாது, எஸ்.எச்.சில் அந்த எல்லை 0.8.

எஞ்சினுக்கும் நிலக்கரிப் பெட்டிக்கும் இடையில் சிலிக்கோன் உறை போட்ட, பல இழை வயரையே போடுங்கள். வீட்டில் கிடக்கும் டெலிபோன் வயர் ஒற்றைக் கம்பி, விறைப்பானது. வளைவில் போகும்போது அது பெட்டியை ஒரு பக்கம் தூக்கும், சில்லு தண்டவாளத்தை விட்டு இறங்கும். தண்டவாளத்தில்தான் பிழை என்று நினைத்து நாள் கணக்காக மினக்கெடுவார்கள், காரணம் அந்த விறைத்த வயராக இருக்கும்.

எங்கே தேடுவது

மாதிரி ரயிலுக்கென்று தனிக் கடை நம் பக்கம் இல்லை. ஆனால் நமக்கு வேண்டிய கனெக்டர்கள் மாதிரி ரயிலுக்கென்று பிறந்தவையும் அல்ல. டி.வி. திருத்தும் கடைகளில் ஒதுக்கிப் போட்ட போர்டுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், எக்ஸ்.எச்.சும் பி.எச்.சும் அவற்றில் வரிசையாக நிற்கும். லேப்டொப் திருத்துபவரிடம் பழைய விசிறி கேளுங்கள், அதன் வயர் நுனியில் பெரும்பாலும் 1.25 பிட்ச் கூடு இருக்கும். காசு கொடுத்து வாங்கும் முன் இவற்றில் அளந்து பழகினால் கை நிதானப்படும், கண்ணும் பழகும்.

கடைக்குப் போகும்போது சாமானையே கையில் கொண்டு போங்கள். எஞ்சினைக் கழற்ற முடியாவிட்டால் கனெக்டரை ஓர் அடிமட்டத்தின் பக்கத்தில் வைத்து, மேலிருந்து நேராகப் படம் எடுங்கள். சரிவாக எடுத்த படத்தில் அளவு பொய் சொல்லும். பிறகு இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, பிட்ச் ரெண்டு மில்லிமீற்றர், ரெண்டு பின், பி.எச். வகை, வயரோட சோடியா வேணும்." இப்படிக் கேட்டால் கடைக்காரரும் உடனே இருக்கு, இல்லை என்று சொல்லிவிடுவார். கொழும்புக்குப் போகிறவர்கள் இருந்தால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து விடலாம். அந்தச் சீட்டிலும் மில்லிமீற்றர், பின் எண்ணிக்கை, வகை மூன்றும் இருக்க வேண்டும்.

இணையத்தில் ஓடர் செய்பவர்கள் தலைப்பை நம்பாமல், பொருளின் அளவுப் படத்தை வடிவாகப் பார்க்கவும். பிட்ச் குறித்த படம் போடாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். கிரிம்ப் செய்த வயரோடு வருவதையே ஆரம்பத்தில் எடுங்கள். தனிப் பின்னும் தனிக் கூடும் வாங்கி நீங்களே கிரிம்ப் செய்ய அதற்கென்ற குறடு வேண்டும், சாதாரணக் குறட்டால் நசுக்கிய பின் கூட்டுக்குள் நேராக ஏறாது.

மாட்டும்போது

வயரோடு வரும் சோடிகளில் சிவப்பு எந்தப் பக்கம் என்பது விற்பவருக்கு விற்பவர் மாறும். ஒரே பி.எச்., ஒரே இரண்டு பின், ஆனால் ஒருவர் அனுப்பியதில் சிவப்பு இடப்பக்கம், மற்றவர் அனுப்பியதில் வலப்பக்கம். நிறத்தை நம்பி மாட்டி எல்.ஈ.டி.யை எரித்துக்கொள்ள வேண்டாம். மல்டிமீற்றரால் ஒருக்கா பாருங்கள். மாறியிருந்தால் வயரை வெட்டத் தேவையில்லை. பி.எச். கூட்டின் ஒரு பக்கத்தில் சின்ன யன்னல் தெரியும், அதற்குள் உலோக நாக்கு ஒன்று இருக்கும். ஊசி நுனியால் அந்த நாக்கை மெல்ல அமத்தி வயரைப் பின்னால் இழுத்தால் பின் வெளியே வரும். இடம் மாற்றித் தள்ளும்போது 'க்ளிக்' என்று பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் வெளியே எடுத்து நாக்கைக் கொஞ்சம் நிமிர்த்திவிட்டு மறுபடி தள்ளுங்கள்.

இதே வித்தை இன்னோர் இடத்திலும் உதவும். எஞ்சினின் சட்டத்தில் வயர் போகும் துளை சின்னதாகவும் கூடு பெரியதாகவும் இருந்தால் துளையைப் பெருக்க வேண்டாம். பின்களைக் கழற்றி ஒவ்வொன்றாகத் துளையால் எடுத்து, மறுபக்கத்தில் கூட்டை மாட்டுங்கள். கழற்றும் முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஈயம் வைக்கும்போது இரண்டு வயரின் ஒட்டும் ஒரே இடத்தில் வராமல் முன்பின்னாக வெட்டினால், ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி ஒட்டை மூடும் குழாய்) போட்ட பிறகு தடிப்பு ஏறாது. அப்புறம், ஹீட் ஷ்ரிங்கை ஈயம் வைக்கும் முன்னரே வயரில் கோர்த்துவிடுங்கள்.

உப்புக் காற்று

கல்லடி, நாவலடி, கடலோரம் எங்கும் வசிப்பவர்களுக்கு இது முக்கியம். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், மார்கழி மழையில் வீட்டுக்குள்ளும் ஈரம். மலிவுக் கனெக்டர்களின் பின்னில் வெள்ளீயப் பூச்சுத்தான் இருக்கும், இந்தக் காற்றில் அது மங்கும். ரயில் ஓடி நின்று ஓடினால், விளக்கு மினுங்கினால், சில்லையும் தண்டவாளத்தையும் துடைத்த பிறகு கனெக்டரைச் சந்தேகியுங்கள். மின்னை நிறுத்திவிட்டு இரண்டு மூன்று தடவை கழற்றி மாட்டினாலே பல நேரம் சரியாகும். ஆகாவிட்டால் ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்ட மெல்லிய பிரஷால் துடைக்கலாம். அரத்தாள் வேண்டாம், பூச்சு போனால் பின் இன்னும் வேகமாகக் கறுக்கும். தங்கப் பூச்சுள்ள பின்னை வெள்ளீயப் பூச்சுள்ள சொக்கட்டோடு சோடி சேர்ப்பதையும் தவிருங்கள், இரண்டு உலோகம் சேரும் இடத்தில் அரிப்பு முந்தும்.

பாவிக்காத கனெக்டர்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிபோட்ட போத்தலில் வையுங்கள். 1.25க்கு ஒரு போத்தல், 2.0க்கு ஒரு போத்தல் என்று பிரித்து, வெளியே பிட்ச்சையும் வகையையும் எழுதி ஒட்டுங்கள். சிவப்பு எந்தப் பக்கம் என்பதையும் அதிலேயே குறித்துவிட்டால் அடுத்த பெட்டிக்கு விளக்கு மாட்டும்போது மல்டிமீற்றரைத் திரும்ப எடுக்க வேண்டி வராது.